சவரிமுத்துவின் பல்பு

நீங்கள் எல்லோரும் இப்போது ஏணி போட்டு ஏறி, டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நீங்கள் கழற்றிப் போடுகிற பழைய டியூப் பட்டிகளில் கொஞ்சம் நான் மாட்டியது. அதற்கு முன்னால் அந்த இடங்களில் குண்டு பல்பு தொங்கியது. அதைக் கழற்றியவனும் நான்தான். ஆகவே கழற்றுவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது. மாட்டுவதைப் பற்றி உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். பெட்டிக்குள்ளேயே படம் போட்ட தாள் வைத்துக் கொடுக்கிறார்கள்.

நான் சொல்லப்போவது எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராத விஷயம். அதனால்தான் இத்தனை வருஷம் நம் தொழில்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எனக்குக் கை நடுங்குகிறது, யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை, கெட்டுப்போக மிச்சம் ஒன்றும் இல்லை.

எழுபதுகளில் மின்வெட்டு வந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடைக்கும் பட்டறைக்கும் மாதத்துக்கு இவ்வளவுதான் கரண்ட் என்று அளவு வைத்தார்கள். நூறு வாட் பல்பு எரிகிற இடத்தில் நாற்பது வாட் டியூப் எரிந்தால் போதும், வெளிச்சமும் அதைவிட அதிகம், தலைக்கு மேலே அடுப்பு வைத்த மாதிரி சூடும் இல்லை. எல்லோரும் டியூப்புக்கு மாறினார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஐ.டி.ஐ. படித்து, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில். காலையில் சைக்கிளை எடுத்தால் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மலைக்கோட்டைக் கடைத்தெரு என்று ஒரு பெரிய சுற்று சுற்றிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவேன். ஏகாதசிக்கு உத்தர வீதியில் வரிசையாக டியூப் கட்டிக் கொடுத்ததில் கொஞ்சம் பெயரும் கிடைத்திருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பல்பையெல்லாம் எடுத்துவிட்டு டியூப் போட்டேன். ஒரு வாரத்தில் அந்தக் கடை சேல்ஸ்மேன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அரக்குப் புடவையெல்லாம் இந்த லைட்டுல காப்பிப்பொடி கலர்ல தெரியுது. வீட்டுக்குக் கொண்டுபோனவங்க திருப்பி எடுத்துட்டு வராங்க.”

“அதுக்கென்ன? வாங்க வர்றவங்களை வாசலுக்குக் கூட்டிட்டு வந்து வெயில்ல காட்டுங்க. நாள் பூரா உக்காந்தே இருக்கிற உங்களுக்கும் நாலு அடி நடந்த மாதிரி இருக்கும்” என்றேன்.

முதலாளி சிரித்தார், புடவை பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள், அந்த சேல்ஸ்மேனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். குறை சொல்ல வருகிறவரை இப்படி ஒரு வார்த்தையில் சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அரியமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை வந்தது. பெரிய ஆலைகளுக்குப் பித்தளையிலும் இரும்பிலும் உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிற பட்டறை. உயரமான ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் கீழே பத்து லேத். ஒவ்வொரு லேத்துக்கும் மேலே, கை எட்டும் உயரத்தில், தகரக் குடை போட்ட ஒரு குண்டு பல்பு தொங்கும். நான் அதுவரை கடை, கல்யாண மண்டபம், வீடு என்றுதான் செய்திருந்தேன். மெஷின் சுற்றுகிற இடத்தில் வெளிச்சம் போடுவது அதுதான் முதல் தடவை.

லேத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைய வேண்டிய துண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றுகிற இரும்புத் தலைக்கு ‘சக்’ என்று பெயர். அதற்கு மூன்று தாடை இருக்கும். கொஞ்சம் கடைந்ததும் டர்னர், அதாவது லேத் ஓட்டுகிறவர், சுவிட்சை அணைப்பார். அணைத்தவுடன் சக் நிற்காது, சுற்றிச் சுற்றி வேகம் குறைந்துதான் நிற்கும். நின்றதும் காலிபரை வைத்து அளந்து பார்ப்பார், மறுபடி ஓட்டுவார். ஒரு நாளில் இது நூறு தடவை நடக்கும். புது ஆள் நன்றாக நின்றுவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கையை நீட்டுவான். பழகிய டர்னருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. சக் நிற்கும், அதே நொடியில் அவருடைய காலிபர் துண்டின் மேல் இருக்கும்.

அந்தப் பட்டறையில் அப்படிப் பழகிய கை சவரிமுத்துவினுடையது. நாற்பது வயது தாண்டியவர், பாலக்கரையில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. அவர் கடைந்த துண்டைச் சோதிக்கும் மேஜையில் அளந்துகூடப் பார்க்க மாட்டார்கள், நேராகப் பெட்டிக்குப் போகும். அதிகம் பேசாத மனிதர். நான் பல்புகளைக் கழற்றிக்கொண்டே அவருடைய லேத்துக்கு வந்தபோது மட்டும் வாயைத் திறந்தார்.

“சார், என் தலைக்கு மேல இருக்கிறதை மட்டும் விட்டுருங்களேன். பழகிப்போச்சு.”

“மேல பாருங்க சவரிமுத்து. கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம் போட்டுருக்கேன். இதுக்கு நடுவுல இந்த ஒத்தைப் பல்பு எதுக்கு, திருஷ்டிக்கா?”

பக்கத்து லேத்துக்காரர்கள் சிரித்தார்கள். பட்டறை முதலாளி சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்துப் பல்பும் சாக்குக்குள் போயிற்று. மேலே இருபது டியூப் எரிந்தது. மூன்று ஃபேஸில் வருகிற கரண்டில் மற்ற இரண்டிலும் லோடு அதிகம் என்று இருபது டியூப்பையும் ஒரே ஃபேஸில் கொடுத்துவிட்டேன். வயரும் மிச்சம், வேலையும் ஒரு நாள் முன்னதாக முடிந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் பட்டறை வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சவரிமுத்து வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

“சார், ஒரு நிமிஷம். சொன்னா சிரிப்பீங்க.”

“சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்.”

“சாயங்காலம் ஆச்சுன்னா சக் பின்னாடி சுத்துது சார்.”

“பின்னாடியா?”

“முன்னாடிதான் சுத்துது. ஆனா பாக்கிறதுக்குப் பின்னாடி சுத்துற மாதிரி இருக்கு. சில சமயம் நின்ன மாதிரி இருக்கு. சுவிட்சை அணைச்சதும் நின்னுடுது. அப்புறம் பாத்தா நிக்கலை. இந்த லைட்டு போட்டதுல இருந்துதான் சார்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? எந்த நேரம், என்ன தெரிகிறது, எப்போதிலிருந்து, எல்லாம் சொல்லிவிட்டார். நான் மறுநாள் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் போனேன். ஆனால் நான் போனது காலை பதினொரு மணிக்கு. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் திறந்திருந்தன. முதலாளியையும் கூட வைத்துக்கொண்டு சவரிமுத்துவின் லேத் முன்னால் நின்றேன். அவர் ஓட்டிக் காட்டினார். சக் எப்படிச் சுற்ற வேண்டுமோ அப்படிச் சுற்றியது. அணைத்தார், மெதுவாக நின்றது.

“மெஷின் நல்லாத்தான் சுத்துது. லைட்டும் நல்லாத்தான் எரியுது” என்றேன். “மிச்சம் இருக்கிறது உங்க கண்ணுதான் சவரிமுத்து. நாப்பது தாண்டியாச்சு, ஒரு கண்ணாடி போட்டுக்குங்க. இல்லைன்னா இந்தச் சக் பின்னாடியே போயி ஒரு நாள் பாலக்கரை பஸ்ஸைப் பிடிச்சுடும்.”

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு சவரிமுத்துவின் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்கு முந்தின வருஷம் கண் மங்கிப்போன ஒரு டர்னரை அங்கே வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். சவரிமுத்துவுக்கு அது தெரியும்.

“ஒண்ணும் இல்லைங்க சார். சும்மா கேட்டேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு மழை நாள். நான் அங்கே இல்லை, சொல்லித்தான் தெரியும். மாலை ஐந்தரை மணி, ஜன்னலை மூடியிருந்தார்கள். சவரிமுத்து சுவிட்சை அணைத்தார். சக் நின்றது, அதாவது அவர் கண்ணுக்கு நின்றது. எப்போதும் போலக் காலிபரோடு கையை நீட்டினார். ஓடிக்கொண்டிருந்த சக்கின் தாடைக்கும் வெட்டும் உளிக்கும் நடுவில் கை அகப்பட்டது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். அவருடைய மனைவி ஆரோக்கியமேரி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“கண்ணாடி போட்டுக்கச் சொன்னீங்களாமே சார். பட்டறையில சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. கண்ணு தெரியாததை என்கிட்டகூட மறைச்சுட்டு மெஷின்ல போயி நின்னுருக்காரே.”

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அவர்மேல் இரக்கம்தான் இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று கொஞ்சம் கோபம்கூட இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருவார் என்பதால், வெளிச்சம் போதுமானதாக இருந்தது என்று எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வெளிச்சம் தேவைக்கு மேலேயே இருந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியில் யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தேன்: ‘தமக்குப் பார்வை சரியாக இல்லை என்று மேற்படி தொழிலாளி விபத்துக்கு முன்பே என்னிடம் தெரிவித்திருந்தார்.’ அவர் அப்படித் தெரிவிக்கவே இல்லை. சக் பின்னால் சுற்றுகிறது என்றுதான் தெரிவித்தார். கண் சரியில்லை என்பது நான் சொன்னது. என் வார்த்தையை அவர் வாயில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி கல்நெஞ்சக்காரர் இல்லை. காயம் ஆறியதும் சவரிமுத்துவைச் சோதிக்கும் மேஜையில் உட்காரவைக்கலாம் என்று நினைத்திருந்தார். கடைந்து வருகிற துண்டுகளை அளந்து நல்லது, கழிவு என்று பிரிக்கிற வேலை. அதற்கு ஒரு கை போதும். ஆனால் கண் வேண்டும். கண் சரியில்லை என்று என் கடிதம் சொன்னது. அந்த நாற்காலி வேறு ஒருவருக்குப் போயிற்று. சவரிமுத்து வீட்டுக்குப் போனார்.

மார்கழியில் ஒரு மாலை, ஒரு டியூப்பின் ஸ்டார்ட்டர் மாற்ற அதே பட்டறைக்குப் போனேன். மேகம் மூடி வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. சவரிமுத்து நின்ற லேத்துக்கு நேர் மேலே ஏணியில் நின்றேன். கீழே புதிய டர்னர் ஒருவர் சுவிட்சை அணைத்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சக் நின்றது. மூன்று தாடையும் அசையாமல் தெளிவாகத் தெரிந்தன. அந்த டர்னர் காலிபரை எடுத்தார். அப்போது நின்றிருந்த சக் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது.

“கையை எடு!” என்று கத்தினேன். ஸ்க்ரூடிரைவர் என் கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. அந்த ஆள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். சக் இன்னும் நாலைந்து விநாடி முன்னால் சுற்றிவிட்டுத்தான் நின்றது.

நான் ஏணியிலேயே நின்றேன். எனக்குக் காரணம் தெரியும். ஐ.டி.ஐ. பரீட்சையில் கேட்ட கேள்வி அது. பதில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். பல்பின் இழை சூடாகிவிட்டால் கரண்ட் ஏறி இறங்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும். டியூப் அப்படி இல்லை, ஒரு விநாடியில் நூறு தடவை மங்கி எழும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அந்த மங்கி எழுகிற கணக்கோடு சுற்றுகிற பொருளின் வேகம் ஒத்துப்போனால், ஓடுகிற பொருள் நிற்கிற மாதிரி தெரியும். வேகம் கொஞ்சம் குறைந்தால் பின்னால் போகிற மாதிரி தெரியும். பகலில் ஜன்னல் வெளிச்சம் கலந்திருந்தால் தெரியாது. மெஷினுக்கு மேலே ஒரு குண்டு பல்பு இருந்தாலும் தெரியாது. டியூப்களை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்தால் ஒன்று மங்கும்போது மற்றது எரியும், அதுவும் ஒரு வழி. ஜன்னலை மழை மூடவைத்தது. மற்ற இரண்டையும் நான் ஒழித்துக்கட்டியிருந்தேன். வினாத்தாளில் வந்தபோது எனக்குப் புரிந்தது. டீக்கடை வாசலில் ஒரு மனிதர் அதையே தன் பாஷையில் சொன்னபோது புரியவில்லை.

உங்களில் சிலர், “இப்போ நல்ல எல்.இ.டி.யில் அந்தத் தொல்லை கிடையாதே சார்” என்பீர்கள். மட்டமான சரக்கில் அதுவும் சிமிட்டத்தான் செய்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது சிமிட்டலைப் பற்றி இல்லை. நாம் ஒரு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்த வெளிச்சத்தில் தினம் நிற்கிறவர் வேறு ஒருவர். அவர் வந்து கேட்பதற்கே வினோதமாக ஒன்றைச் சொல்வார். அவர் சொன்ன நேரத்துக்குப் போய், அவர் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள். நமக்கு வசதியான நேரத்தில் போகாதீர்கள்.

அன்று சாயங்காலமே கிடங்கிலிருந்து அந்தச் சாக்கை எடுத்துப் பத்துப் பல்பையும் பழைய இடத்திலேயே தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் முதலாளியிடம் எல்லாம் சொன்னேன்.

“இங்க பாருங்க தம்பி. பேப்பர் எல்லாம் மூடியாச்சு. இப்ப போயி கிளறினா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். அதான் பல்பை மாட்டிட்டீங்கல்ல, அதோட விட்டுடுங்க.”

நானும் விட்டுவிட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் டியூப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்தால் லைசென்ஸ் போகும், யாரும் வாசலில் சேர்க்க மாட்டார்கள். பாலக்கரைக்குப் போய் சவரிமுத்துவிடமாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் போகவில்லை. நாளைக்குப் போகலாம், பொங்கல் கழிந்து போகலாம் என்று தள்ளிப்போட்டேன். எனக்குப் பயம். அதற்கு வேறு பெயர் எதுவும் வைக்க விரும்பவில்லை.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. எண்பதுகள் பிறந்துவிட்டன. சவரிமுத்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஸ்டாண்டு பக்கமே போக மாட்டேன். கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு நடப்பேன். ஒரு நாள் அவர் ஸ்டாண்டுக்கு நேர் எதிரில் டயர் பஞ்சராகி நின்றுவிட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

“சார்! நீங்களா? வாங்க, வாங்க. எவ்வளவு நாளாச்சு” என்று ஓடிவந்து, இடது கையாலேயே சைக்கிளை வாங்கி ஸ்டாண்டுக்குள் தள்ளினார். “நீங்களும் கண்ணாடி போட்டுட்டீங்களா?”

அவரும் போட்டிருந்தார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அதை ஏன் கேக்குறீங்க. மூணு தடவை கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வை நல்லாருக்குங்கிறாங்க. படிக்கிறதுக்கு மட்டும் இதைக் கொடுத்தாங்க. டாக்டருக்கே பிடிபடாத வியாதி போல இருக்கு.” கையிலிருந்த டோக்கனைப் பலகையில் மாட்டினார். “அன்னைக்கு நீங்க சொன்னப்பவே போயிருக்கணும் சார். வேலை போயிடுமேன்னு மறைச்சுட்டேன். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கலை.”

ஆறு வருஷமாக அந்த மனிதர் எனக்கு நன்றி வைத்திருந்திருக்கிறார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த டோக்கன் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டியூப், ஃபேஸ், ஏணியில் நின்று பார்த்தது, கடிதத்தில் எழுதிய அந்தக் கடைசி வரி, ஆறு வருஷம் வேறு ஸ்டாண்டில் சைக்கிள் விட்டது, எல்லாம். நடுவில் இரண்டு பேர் சைக்கிள் எடுக்க வந்தார்கள். அவர்களுக்கு டோக்கன் பார்த்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கேட்டார்.

“அப்ப அந்த இடத்துல யார் நின்னிருந்தாலும் அப்படித்தான் தெரிஞ்சிருக்குமா சார்?”

“யார் நின்னாலும் அப்படித்தான். எனக்கே தெரிஞ்சுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மிஞ்சியிருந்த இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு சட்டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இன்ஸ்பெக்டருக்கு இப்பவே உண்மையை எழுதுறேன்” என்றேன்.

“எழுதுங்க. ஆனா எனக்கு வேற ஒண்ணு வேணும் சார். இத்தனை வருஷமா மேரி ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா, என்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுன்னு நான் சொன்னா நம்ப மாட்டா. நான் பாத்ததை அவ பாக்கணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்தேன். முதலாளியிடம் சாவி கேட்டபோது, யார் வருகிறார்கள் என்று சொன்னேன். அவர் ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டினார். கூட வரவில்லை.

நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனபோது மணி ஆறு இருக்கும். ஜன்னல்களை மூடினேன். டியூப்களைப் போட்டேன். சவரிமுத்து தன் பழைய லேத்தின் மேல் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒரு பித்தளைத் துண்டைச் சக்கில் மாட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெல்ட்டை ஒரு கையால் இடம் மாற்றச் சிரமப்பட்டார். நான் உதவப் போனபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுவிட்சைப் போட்டுப் பார்த்து, அணைத்து, பெல்ட்டை மறுபடி மாற்றி, மறுபடி போட்டார்.

“இந்த ஸ்பீடுதான் சார்” என்றார்.

லேத்துக்கு மேலே பல்பு அணைந்திருந்தது. டியூப் வெளிச்சத்தில் சக் அசையாமல் நின்றது. தாடைகளை எண்ணலாம் போலிருந்தது.

“மேரி, இங்க வந்து பாரு. இது சுத்துதா, நிக்குதா?”

ஆரோக்கியமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். அவருக்குக் கண் எவ்வளவு கூர்மை என்று சொல்ல வேண்டியதில்லை.

“மோட்டார் சத்தம் கேக்குது. ஆனா இது நிக்குதே” என்றார். “பெல்ட்டு கழண்டுடுச்சா?” என்று கேட்டபடி அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

சவரிமுத்து அந்தக் கையைப் பிடித்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்த அந்த வலது கையால் மனைவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பல்பைப் போடுங்க சார்” என்றார்.

போட்டேன். சக் மங்கலாக, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று ஆரோக்கியமேரியின் விரல் நுனியில் பட்டிருக்கும், அவ்வளவு கிட்டத்தில் இருந்தது அவர் கை.

அவர் சக்கைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து, தகரக் குடைக்குள் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

“இந்த ஒரு பல்புதானா சார்?” என்றார்.

“ஆமாம்மா” என்றேன்.